கண்டிப்புக்கு எதிர்முனை எது? கெல்லியின் ரெப் கிரிட்

1955-இல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் கெல்லி இரண்டு தொகுதிகளாக முன்வைத்த ஆளுமைக் கோட்பாட்டில் உந்துதல், வெகுமதி, நனவிலி எதற்கும் தனி இருக்கை கிடையாது. அவர் பார்வையில் எல்லோருமே விஞ்ஞானிகள்: அடுத்து நடக்கப்போவதை ஊகிக்கிறோம், சரிபார்க்கிறோம், பொய்த்தால் திருத்துகிறோம் (அல்லது திருத்த மறுக்கிறோம்). அப்படி ஊகிக்க உதவும் இருமுனை அளவுகோல்தான் 'கன்ஸ்ட்ரக்ட்'. கெல்லி முதலில் படித்தது இயற்பியலும் கணிதமும். அந்த வாடை கோட்பாடு முழுக்க அடிக்கிறது.

கோட்பாட்டைவிட அதன் கருவியான ரெப் கிரிட் (ஒருவர் மற்றவர்களை எந்த அளவுகோல்களால் பார்க்கிறார் என்று வெளிக்கொணரும் கட்டம்) நீண்ட நாள் நிற்கும் என்பது என் கணிப்பு. அம்மா, பிடித்த ஆசிரியர், பிடிக்காத மேலதிகாரி, 'நான்', 'நான் ஆக விரும்பும் நான்' என 8 முதல் 12 பேரைத் தனித்தனிச் சீட்டில் எழுதும்படி பேட்டி கொடுப்பவரிடம் சொல்லுங்கள். மும்மூன்றாக எடுத்து வைத்து, எந்த இருவர் எதில் ஒத்துப்போகிறார்கள், மூன்றாமவர் எப்படி மாறுபடுகிறார் என்று கேளுங்கள். "இவங்க ரெண்டு பேரும் கண்டிப்பு" என்று பதில் வந்தால் எதிர்முனையையும் அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். சறுக்குவது இங்கேதான். பேட்டி எடுப்பவரே 'கண்டிப்பு இல்லாதவர்' என்று நிரப்பிவிடுவார். ஒருவருக்குக் கண்டிப்பின் எதிர்முனை 'பாசம்', இன்னொருவருக்கு 'ஏமாளி'. பின்னவரிடம் "கொஞ்சம் விட்டுக்கொடுங்க" என்றால் "ஏமாளியாகுங்க" என்றுதான் காதில் விழும். 'கண்ணாடி போட்டவங்க' மாதிரி மேலோட்டமான பதில் வந்தால், வேறு எதில் ஒற்றுமை என்று மறுபடி கேளுங்கள்.

பிறகு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவுகோலிலும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 'நான்' வரிசைக்கும் 'ஆக விரும்பும் நான்' வரிசைக்கும் எங்கே இடைவெளி அதிகம் என்று முதலில் பாருங்கள். இந்த மதிப்பெண்களை அலசி மென்பொருள் காட்டும் காரணிகளை (சேர்ந்தே ஏறி இறங்கும் அளவுகோல்களின் தொகுப்புகளை) அப்படியே நம்ப வேண்டாம். பத்துப் பேர் கொண்ட கட்டத்தில் மூன்றாவது காரணிக்கு விளக்கம் எழுதுவது பெரும்பாலும் வீண்வேலை.

உணர்ச்சியைக் கெல்லி கண்டுகொள்ளவில்லை என்பது பழைய குற்றச்சாட்டு. பாதிதான் சரி. பதற்றம், குற்றவுணர்வு, அச்சுறுத்தல் எல்லாவற்றுக்கும் வரையறை வைத்திருந்தார். பகை என்றால், தோற்றுப்போனதாகத் தனக்கே தெரிந்த ஊகத்துக்கு அடம்பிடித்துச் சான்று பிடுங்குவது. அபாரமான வரையறை! ஆனால் மனம் கொதிப்பதும், இழவு வீட்டுத் துக்கமும் இந்தக் கணக்கில் அடங்குவதில்லை.

எனக்குப் பெரிய ஓட்டை வேறிடத்தில். ஒரே வீட்டில் வளர்ந்த இருவரில் ஒருவர் 'பாசம்' என்றும் மற்றவர் 'ஏமாளி' என்றும் ஏன் பிரித்துக்கொண்டார்கள்? வளர்ச்சிப் பருவம் பற்றிக் கெல்லி சொன்னது சொற்பம். மொழி வருமுன்பே உருவாகும் கன்ஸ்ட்ரக்ட்டுகள் உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் சீட்டை வைத்துக் கேட்கும் கேள்விக்குப் பதிலைச் சொல்லில்தானே தர வேண்டியிருக்கிறது.