விளை வீட்டு நாட்குறிப்பு

2020 மார்ச் 25, புதன்

21 நாள் ஊரடங்கு என்று நேற்று ராத்திரி பிரதமர் அறிவித்த கையோடு மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். "போன வாரமே இங்க வந்திருக்கலாம்லா அம்மா. இனி தனியா என்ன செய்வீங்க?" அவன் அப்பா போனதிலிருந்தே இதுதான் பேச்சு. வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு வந்துவிட வேண்டுமாம். பார்ப்போம் மக்ளே என்றேன். அரிசி இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. இந்தக் குமரி மாவட்டத்துத் திருவட்டாறு ரோட்டில் ஒரு பஸ் சத்தம்கூட இல்லை.

மார்ச் 31, செவ்வாய்

இன்று மத்தியானம் பசித்த பிறகுதான் உலை வைத்தேன். பள்ளிக்கூட வேலையில் மணி பார்த்தே சாப்பிட்டவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் கல்யாணம், துக்கம், ஜெபக்கூட்டம் என்று யாராவது எங்காவது எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது யாருமில்லை. சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதக் கை கூசுகிறது. பென்ஷன் வருகிறவள் சொல்லலாம். கொத்த வேலைக்குப் போகிறவர் வீட்டில் இந்த அமைதிக்குப் பெயரே வேறு. ஆனாலும் உண்மை அதுதான்.

ஏப்ரல் 5

குருத்தோலை ஞாயிறு. கோயில் பூட்டிக் கிடக்கிறது. தைத் தென்னையில் குருத்து வெட்டி வைத்துக்கொண்டு தனியாக ஓசன்னா பாடினேன். ராத்திரி 9 மணிக்கு எல்லோரையும் போல விளக்கு ஏற்றினேன்.

ஏப்ரல் 14

மே 3 வரை நீட்டித்துவிட்டார்கள். அடுத்த வீட்டு அக்கா விஷுக் கனி வைத்த வெள்ளரிக்காயையும் கொன்றைப்பூவையும் மதிலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். தினமும் காலையில் "காப்பி குடிச்சியளா டீச்சரே?" என்ற அவள் குரல் வந்துவிடும். அந்தக் குரல் எட்டாத தூரத்தில் இருந்திருந்தால் எனக்கு இந்தத் தனிமை பிடித்திருக்குமா, சந்தேகம்தான்.

ஏப்ரல் 22

சக்கை, அதாவது பலா, பழுக்கும் காலம். கிணற்றடி வருக்கைப் பலாவில் கைக்கெட்டும் உயரத்திலேயே ஒன்று விளைந்திருந்தது. கத்திக்கும் கைக்கும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். முன்பெல்லாம் இந்த வேலைக்கு ஆள் சேர வேண்டும், சீக்கிரம் முடிய வேண்டும். இன்று நாலாகப் பிளந்து, தண்டை அரிந்து, பால் துடைத்து, ஒவ்வொரு சுளையாக உரித்தேன். இரண்டு சுளைக்கு ஒன்று வாய்க்குப் போனது. பாதியை மதில்மேல் வைத்தாயிற்று. சக்கைக்குருவை, அதாவது கொட்டையை, ஈரம் போக உலர்த்தி, மண்பானையில் காய்ந்த மணலுக்குள் புதைத்திருக்கிறேன். அம்மா செய்த வழி. மழைக்காலத்தில் மாங்காய் போட்டுக் குழம்பு வைக்க ஆகும். வெந்த குருவின் மாவு ருசிக்கு முன்னால் எந்தப் பருப்பும் நிற்காது என்பது என் கட்சி.

மே 18

இரண்டு நாள் மழை. கீழ்விளைத் தோட்டத்தில் மரச்சீனிக் கம்பு, அதாவது மரவள்ளிக் கம்பு, நட்டேன். மண்ணை நானே கூட்டினேன், இடுப்பு வலிக்கிறது, பரவாயில்லை. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பிய பயிர் இது. இரண்டாம் உலகப் போரில் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. அப்போது நம் ஊர்களில் அடுப்பெரிய வைத்தது இந்தக் கிழங்குதான். அம்மா அந்தப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்லும்போது கிழங்கு அவித்த தண்ணீரை வடிப்பதுபோலக் கையைச் சாய்த்துக் காட்டுவாள். ஊரடங்கு நீளும் இந்த நாளில் அந்தக் கை அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

ஜூலை 1

மீன்கார அக்கா வீட்டில் இன்றுதான் சோறு இறங்கியது. ஈரானுக்கு மீன்பிடி வேலைக்குப் போய் மாட்டிக்கொண்ட நம் மாவட்டத்துக்காரர்கள் பலர், பந்தர் அப்பாஸிலிருந்து ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கிவிட்டார்கள். அதில் அவள் மகனும் உண்டு. இத்தனை மாதம் அந்தப் பையன் அங்கே தனியாகக் கிடந்ததும் நான் இங்கே தனியாக இருந்ததும் ஒன்றல்ல. அவன் விருப்பப்பட்டாலும் வர வழியில்லை. எனக்கு எப்போது வேண்டுமானாலும் போக ஒரு வீடு இருக்கிறது. இருந்தும் போகத் தோன்றவில்லை.

சாயந்திரம் மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். வீட்டைப் பூட்டவில்லை, இங்கேயே இருக்கிறேன், எனக்கு இது போதும், நிறைவாக இருக்கிறேன் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிம்மா, கிறிஸ்துமஸுக்கு நாங்க அங்க வாறோம்" என்றான்.