15 சென்டிலிட்டர் கணக்கு: பெல்ஜிய பீர் விழாவில் சுவைப்பது எப்படி

பெல்ஜியத்தின் பீர் விழாக்களில் ஒரு முறைக்கு ஊற்றித் தரும் அளவு பெரும்பாலும் 15 சென்டிலிட்டர், அதாவது 150 மில்லி. 650 மில்லி பாட்டிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வெறும் சாம்பிளாகத் தெரியும். சாம்பிள்தான். ஆனால் அதில் இருக்கும் ஆல்கஹாலைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விழாவை அணுகும் விதமே மாறிவிடும்.

கணக்கு எளிது. மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.79-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் எத்தனை கிராம் என்பது வந்துவிடும். டுவெல் என்னும் 8.5 சதவீத பீர் 150 மில்லியில் 10 கிராம். 11.3 சதவீத ரோஷ்ஃபோர்ட் 10 என்றால் 13 கிராமுக்கு மேல். பிரஸ்ஸல்ஸின் டி லா சென் ப்ரூவரி வடிக்கும் தாராஸ் பூல்பா 4.5 சதவீதம், அதில் 5 கிராம்தான். 5 சதவீத 650 மில்லி பாட்டில் ஒன்றில் இருப்பது சுமார் 26 கிராம். அப்படியானால் இரண்டரை கிளாஸ் டுவெல் ஒரு முழு பாட்டிலுக்குச் சமம். உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். ஐந்து மணி நேரம் விழாவில் இருக்கப் போகிறவருக்கு ஆறு கிளாஸ் நல்ல அளவு, எட்டு உச்சம். அதற்கு மேல் நாக்கு வேலை செய்வதை நிறுத்திவிடும், டோக்கன் மட்டும்தான் செலவாகும்.

எந்த விழாவுக்குப் போவது? டிசம்பரில் எசன் ஊரில் கிறிஸ்துமஸ் பீர்களுக்கென்றே ஒரு விழா உண்டு. அடர்த்தியான, கறுத்த, மசாலா போட்ட பீர்கள் பிடிக்குமானால் அது. பிப்ரவரித் தொடக்கத்தில் ப்ரூஜ் நகரில் ஒன்று. பிரஸ்ஸல்ஸ் கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தில் செப்டம்பரில் நடப்பது புகைப்படத்துக்கு அழகு. ஆனால் அங்கே பெரிய பெயர்களின் ஆதிக்கம் அதிகம். முதல் முறை போகிறவருக்கு என் பரிந்துரை ஏப்ரல் இறுதியில் நடக்கும் ஜைத்தோஸ் விழா. பெல்ஜிய பீர் நுகர்வோர் சங்கமான ஜைத்தோஸ் இதை நடத்துகிறது. 2004-இல் சின்ட்-நிக்லாஸில் தொடங்கி, 2012-இல் லூவனின் பிரபான்ட்ஹால் அரங்குக்கு வந்தது; இந்த முறை எந்த ஊரில் என்று போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். உலகின் மிகப் பெரிய பீர் நிறுவனத்துக்குத் தலைமையிடமாக இருக்கும் அதே லூவனில் சின்ன ப்ரூவரிகள் கூடியதில் ஒரு குறும்பு இருக்கத்தான் செய்தது.

முறை இதுதான். நுழைந்ததும் கிளாஸையும் டோக்கன்களையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பீருக்கு ஒரு டோக்கன். நெடுநாள் பீப்பாயில் கிடந்ததற்கோ மிகக் கடுமையானதற்கோ கூடுதலாகக் கேட்பார்கள். டோக்கன்களை மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். மிஞ்சியதைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள். சனிக்கிழமை கதவு திறக்கும் நேரத்துக்குப் போவது நல்லது. நாலு மணிக்கு மேல் ஊற்றுபவரிடம் ஒரு கேள்வி கேட்கக்கூட இடம் இருக்காது. ஞாயிறு கூட்டம் குறைவு, ஆனால் அரிய பீப்பாய்கள் காலியாகியிருக்கும்.

எதற்கு டோக்கன் செலவழிப்பது என்பதுதான் முக்கியமான முடிவு. வெஸ்ட்மாலே, ஷிமே, ஓர்வால் எல்லாம் அந்த நாட்டு சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். விழாவில் அவற்றைத் தொட வேண்டியதில்லை. பீப்பாயில் மட்டும் வருவது, சிறு அளவில் வடித்தது, வெளியூருக்குப் போகாதது, இவற்றைத் தேடுங்கள். 75 சென்டிலிட்டர் பாட்டிலில் வரும் லாம்பிக் வகைகளை (காற்றிலுள்ள ஈஸ்டால் நொதிக்கும் புளிப்பு பீர்) ஐந்து பேர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்குச் சரியாக 15 சென்டிலிட்டர். இன்னொன்று: கடைக்காரரிடம் ‘இது எங்கே வடிக்கப்பட்டது’ என்று கேளுங்கள். சொந்த ஆலை இல்லாத பல பெயர்கள் லோக்ரிஸ்டியில் இருக்கும் டி ப்ரூஃப் போன்ற ஆலைகளில் வடித்து வாங்குகின்றன. அதில் தரக்குறைவு ஏதும் இல்லை. ஆனால் நாலு ஸ்டாலில் நாலு லேபிள் குடித்தும் ஒரே ஈஸ்டின் முகம் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

வரிசை என்று வந்தால், ஆல்கஹால் ஏறுமுகமாகப் போவது பொது விதி. ஆனால் அது மட்டும் போதாது; சர்க்கரையும் கசப்பும் நாக்கில் தங்கும். தொடக்கத்தில் கோதுமை பீர்: கொத்தமல்லி விதையும் உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் போட்டு வடிப்பது. 1957-இல் கடைசி ஆலை மூடியதும் ஊகார்டனில் அழிந்துபோன இந்த வகையை 1966-இல் பியர் செலிஸ் மீட்டெடுத்தார். அடுத்து சேசோன் என்னும் பண்ணை வகை பீர், துப்போன் ஆலையின் 6.5 சதவீத சேசோன்தான் இதற்கு அளவுகோல். மூன்றாவதாகப் புளிப்பு வகைகள். பலர் புளிப்பைக் கடைசிக்கு ஒத்திவைப்பார்கள். அது தவறு என்பேன். லாம்பிக்குகளைக் கலந்து செய்யும் கூஸின் மணம் நுட்பமானது; 10 சதவீத இனிப்பு பீருக்குப் பிறகு குடித்தால் புளிப்பு மட்டும் மிஞ்சும், தோலும் வைக்கோலும் கலந்த அந்த வாசம் தெரியாது. குடித்ததும் ரொட்டியும் தண்ணீரும். அதன்பின் பொன்னிற ட்ரிப்பெல், கறுத்த டுப்பெல், கடைசியில் மிகக் கடுமையான குவாட்ருப்பெல். ஹாப் பூவின் கசப்பு மிகுந்த, டி ரான்கே ஆலையின் XX பிட்டர் போன்றவற்றை ஓர் இடைவேளைக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

லாம்பிக் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிரஸ்ஸல்ஸையும் அதன் மேற்கே உள்ள பயோட்டன்லாண்டையும் சுற்றி மட்டும் நடக்கும் வேலை இது. முளைகட்டாத கோதுமை 30 முதல் 40 சதவீதம் சேர்த்துக் கொதிக்கவைத்த சாற்றை, ஆழம் குறைந்த அகன்ற தொட்டியில் ஓர் இரவு திறந்து ஆறவிடுவார்கள். ஈஸ்ட் சேர்ப்பதில்லை, காற்றிலும் மரத்திலும் இருப்பதே போதும். கோடையில் கெட்ட பாக்டீரியா பெருகும் என்பதால் ஏறக்குறைய அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் வடிப்பு. பழைய ஹாப்பைப் போடுவதற்கும் காரணம் உண்டு: கசப்பு குறைந்திருக்கும், பாக்டீரியாவை அடக்கும் குணம் மிஞ்சியிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று வருட லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். இளையதில் மிஞ்சிய சர்க்கரைதான் பாட்டிலுக்குள் நுரையைக் கொடுக்கிறது. லேபிளில் ‘அவுடே’ (Oude, ‘பழைய’) என்று இருக்கிறதா பாருங்கள். அது இல்லாதவற்றில் பல, இனிப்பு சேர்த்து மழுக்கியவை.

புளிப்பிலும் இரண்டு உண்டு. மோர்ப் புளிப்பு லாக்டிக் அமிலம். அது லாம்பிக்குக்கு இயல்பு. தொண்டையில் சுருக்கென்று ஏறும் வினிகர் அசெட்டிக் அமிலம். பீப்பாய்க்குள் காற்று போனதன் அடையாளம். ரோடன்பாக் போன்ற மேற்கு ஃபிளாண்டர்ஸ் சிவப்பு பீரில் அது துளி இருந்தால் அழகு. ரோடன்பாக் கிராண்ட் க்ரூவில் மூன்றில் இரண்டு பங்கு, பெரிய ஓக் தொட்டியில் இரண்டு வருடம் கிடந்தது. கூஸில் வினிகர் முன்னால் நின்றால் மிச்சத்தைக் கொட்டிவிடலாம். கிளாஸ் அலசும் இடத்தில் கொட்டுவதை யாரும் அவமதிப்பாக நினைப்பதில்லை.

மற்ற குறைகளைப் பிடிப்பதும் பழக்கம்தான். வெண்ணெய் வாடை வந்தால் டைஅசிட்டைல்: நொதிப்பின் முடிவில் ஈஸ்ட் அதைத் திரும்ப உறிஞ்ச அவகாசம் தராமல் அவசரமாகக் குளிரவைத்திருக்கலாம், இல்லையேல் குழாய் அழுக்கு. அதே குழாயில் வரும் வேறொரு பீரிலும் அது இருந்தால் குழாய்தான். வேகவைத்த மக்காச்சோளம் என்றால் கொதி போதவில்லை, அல்லது ஆறவைக்கத் தாமதம். பச்சை ஆப்பிள் என்றால் பீர் இன்னும் இளசு. நனைந்த அட்டை என்றால் அடைக்கும்போது ஆக்சிஜன் புகுந்துவிட்டது. பொன்னிற பீரில் இது மன்னிக்க முடியாதது, கறுத்த கடும் பீரிலோ ஆக்சிஜன் உலர்திராட்சை மணத்தைத் தரும், அதை விரும்பியே சிலர் வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். கிராம்பும் வாழைப்பழமும் குறை அல்ல. பெல்ஜிய ஈஸ்டின் கையெழுத்து அது. திறந்தவெளி விழாவில் கிளாஸை வெயிலில் வைக்காதீர்கள்: ஹாப்பின் சேர்மங்கள் சில நிமிடத்திலேயே ஒளியில் உடைந்து நாறத் தொடங்கும்.

பெரும்பாலும் குளிராகவே ஊற்றுவார்கள். கோதுமை பீருக்கு அது சரி. ட்ரிப்பெலுக்கு 8 முதல் 10 டிகிரி, குவாட்ருப்பெலுக்கு 12 முதல் 14 வேண்டும். உள்ளங்கையில் ஐந்து நிமிடம் பொத்திப் பிடித்தால் மணம் எழும். முதல் மிடறு முந்தைய பீரைக் கழுவத்தான். இரண்டாவதிலிருந்து கணக்கு வையுங்கள். வைன்போலத் துப்பாதீர்கள், கசப்பு விழுங்கிய பின்தான் முழுதாகத் தெரியும். உதட்டில் எண்ணெய் இருந்தால் நுரை செத்துவிடும், ஆகவே பொரியலுக்குப் பிறகு வாய் துடைத்துக்கொள்ளுங்கள்.

பொரியல் என்றதும் ஒரு எச்சரிக்கை: பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம், சைவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடவும். சீஸ் துண்டும் கடுகுச் சாந்தும் எங்கும் கிடைக்கும். ஆனால் சீஸிலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட் (பாலை உறையவைக்கும் நொதி) இருக்கக்கூடும்.

காரில் போகவே வேண்டாம். அங்கே வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம்; மூன்று ட்ரிப்பெலில் பலர் அதைத் தாண்டிவிடுவார்கள். விழா லூவனில் என்றால், பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயில் அரைமணிக்கும் குறைவு, நிலையத்திலிருந்து அரங்குக்கு பஸ்.

ஊருக்கு எடுத்துவருவதானால்: இந்தியாவுக்கு வரியில்லாமல் 2 லிட்டர். 33 சென்டிலிட்டர் பாட்டில் ஆறு என்றால் 1.98 லிட்டர், கச்சிதம். 75 சென்டிலிட்டர் மூன்று என்றால் 2.25, வரம்பு மீறல். பெட்டியின் நடுவில், துணி சுற்றி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று நாள் நேராக நிறுத்தி வைத்தால் ஈஸ்ட் அடியில் படியும். சென்னை வெயிலில் அலமாரியில் வைத்தால் எல்லாமே வேகமாக மூப்படையும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுதான் சரி. ஹாப் மிகுந்ததை அந்த மாதமே குடித்துவிடுங்கள், கூஸ் இரண்டு மூன்று வருடம்கூடத் தாங்கும்.