ஆயிரம் நோட்டீஸ், ஒரு ‘இ’

எங்கள் ஊர்க் கோயில் கொடை (திருவிழா) நோட்டீஸ் ஒருவழியாக அச்சாகி வந்துவிட்டது. ஆயிரம் பிரதி, ஆயிரத்திலும் ஒரே இடத்தில் ஒரே பிழை. அந்தப் பிழைக்குக் கடைசியில் வருகிறேன். பட்ட பாட்டைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், அடுத்த வருஷம் எனக்கே தேவைப்படும்.

பாளையங்கோட்டையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் சேரன்மாதேவிக்குப் பக்கம். கொடைக் கமிட்டியில் கணக்குப் பார்ப்பது என் தாய்மாமா. “டிசைன் படிக்கிற பய வீட்ல இருக்கான், வெளிய எதுக்குலே துட்டக் குடுக்கணும்?” என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். டிசைன் மென்பொருளில் கோடு வரையும் பென் டூலை மூன்று மாதம் இழுத்துப் பழகிய தெம்பில் நானும் தலையாட்டினேன். வகுப்பில் அதுவரை தமிழில் ஒரு வரி கூட அடித்ததில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

போன வருஷ நோட்டீஸை அடித்துக் கொடுத்த டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) அக்கா திருநெல்வேலி ஜங்ஷனில் இருக்கிறார். கேட்டதும் ஃபைலை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். வீட்டில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுநாள் திரும்பவும் பஸ் ஏறினேன். அக்கா சிரித்துவிட்டார். அது பாமினி ஃபான்ட். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், ஃபான்ட்தான் அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. நம் கணினியில் பாமினி இல்லையென்றால் அந்த ஐந்தும் அப்படியே தெரியும். யாரிடம் தமிழ் ஃபைல் வாங்கினாலும் ஃபான்டையும் சேர்த்துக் கேளுங்கள். எனக்கு அதற்கே ஒரு நாள் போனது.

இந்த வருஷத் தலைக்கட்டுப் பட்டியலை, அதாவது கொடைக்கு வரி கட்டும் குடும்பங்களின் பெயர்களை, மாமா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அது யூனிகோட், தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே வைத்திருக்கும் முறை. மேலட்டைக்கான தலைப்பை முதலில் ஆய்வகத்தில் இருந்த பழைய போட்டோஷாப்பில் ஒட்டிப் பார்த்தேன். ‘கொடை’ என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், ட-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் குறி அதற்குப் பின்னால். ஃபான்டை மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஒரு மாலை வீண். கோளாறு ஃபான்டில் இல்லை, செட்டிங்கில். பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் சவுத் ஏசியன் என்று முடியும் டெக்ஸ்ட் இன்ஜினைத் தேர்ந்தெடுத்து, போட்டோஷாப்பை மூடித் திறந்து, அப்புறம் பாராகிராஃப் பேனல் மெனுவில் வேர்ல்ட் ரெடி லேஅவுட் கொடுத்ததும் கொம்பு தானாகப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. இன்டிசைனில் தமிழ் உடைந்தாலும் தேட வேண்டியது இதே வேர்ல்ட் ரெடியைத்தான்.

உள்பக்கம் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில். பழைய ஃபைலின் அமைப்பைக் கலைக்க வேண்டாம் என்று பட்டியலை ஒரு கன்வெர்ட்டரில் போட்டு பாமினிக்கு மாற்றினேன். பெயருக்குப் பெயர் நடுவில் ஓர் இ வந்து நின்றது. பாமினியில் கமா விசையை அழுத்தினால் வருவது இ. நிஜமான கமா வேண்டுமென்றால் வலப்பக்கம் திரும்பிய அம்புக்குறியை அடிக்க வேண்டும். நான் எடுத்த கன்வெர்ட்டர் கமாவைத் தொடாமல் அப்படியே விட்டிருக்கிறது. சரி, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் எதற்கு இருக்கிறது? கமா இருக்கும் இடத்திலெல்லாம் அம்புக்குறியைப் போடு என்றேன். ஒரே நொடி.

எங்கள் ஊரில் பாதிப் பேர் இசக்கி. இசக்கிமுத்து, இசக்கியம்மாள், இசக்கிபாண்டி, எல்லார் தலையும் போய் ஒரு கமா நின்றது. உச்சியில் இருந்த அம்மன் பெயரும் தப்பவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு, அதுவும் கொடை நோட்டீஸில், இசக்கியம்மன் தலையில்லாமல் நிற்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? கன்ட்ரோல் இசட்டை அமுக்கின வேகத்தில் இரண்டு படி அதிகமாகவே பின்னால் போய்விட்டேன். பிறகு யோசித்ததில் வழி கிடைத்தது. பட்டியலில் வரும் கமாவுக்குப் பின்னால் ஓர் இடைவெளி இருக்கும், பெயரில் வரும் இ-க்குப் பின்னால் எழுத்து இருக்கும். அதனால் கமாவோடு இடைவெளியையும் சேர்த்துத் தேடி மாற்ற வேண்டும். செய்தேன், இசக்கிகள் பிழைத்தார்கள். இதைவிட நல்லது, யூனிகோடாக இருக்கும்போதே கமாவைப் பார்த்துவிட்டு அப்புறம் பாமினிக்கு மாற்றுவது.

அச்சு சிவகாசியில். மெயிலில் அனுப்பியிருக்கலாம். நேரில் போய்ப் பேசினால் விலை குறையும் என்பது மாமாவின் கணக்கு. புது பஸ் ஸ்டாண்டில் ஏறி கோவில்பட்டி, சாத்தூர் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது மதியம். லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன், பென் டிரைவ் போதும் என்று. பிரஸ் அண்ணாச்சி சொருகிப் பார்த்துவிட்டு, “ஒங்க வெர்ஷன் பெருசு தம்பி, இங்க தெறக்காது” என்றார். நான் செய்தது கோரல் 2021, அவரிடம் அதைவிடப் பழைய எக்ஸ்7. சேவ் ஆஸ் பெட்டியிலேயே வெர்ஷன் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் 17 என்று கொடுத்திருந்தால் எக்ஸ்7-இல் திறந்திருக்கும். அந்தக் கட்டத்தை அதுவரை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

மாமாவுக்கு அனுப்பிய பிடிஎஃப் போனில் இருந்தது. அதையாவது பாருங்கள் என்று கொடுத்தேன். அண்ணாச்சி அக்ரோபாட்டில் அவுட்புட் பிரிவியூவைத் திறந்து, நாலு கலரில் கறுப்பை மட்டும் அணைத்தார். எழுத்தெல்லாம் மறைந்திருக்க வேண்டும். மறையாமல் பழுப்பாக நின்றது. “இதான் ஒங்க கறுப்பு. நாலு பிளேட்லயும் எழுத்து விழும். ஒரு பிளேட் மயிரிழை நகந்தாலும் பொடி எழுத்து அம்புட்டும் ரெண்டு ரெண்டாத் தெரியும்.” திரைக்கான ஆர்ஜிபி கறுப்பை எடுத்துப் போட்டிருக்கிறேன். எழுத்துக்கு கே (கறுப்பு மை) மட்டும் 100, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று இருக்க வேண்டும். ப்ளீடும், அதாவது வெட்டும்போது போவதற்கான ஓர இடமும், விடவில்லை. நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டிருக்க வேண்டும். “இப்படியே கட்டிங் போட்டா சாமி கையில இருக்க வாளு முனை போயிரும்.” டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார். விலை குறைப்பதைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

திரும்பி வந்து கறுப்பை மாற்றினேன். கோரலில் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் கலரையும் தேடி மாற்றலாம், பத்து நிமிஷ வேலை. ப்ளீட் விட்டேன். ஃபான்ட் தொல்லையே வேண்டாம் என்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் கியூ, கர்வ் ஆகிவிட்டது. கை பழக்கத்தில் கன்ட்ரோல் எஸ். மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பாதிச் சாப்பாட்டில் மாமா போன். “மாப்ள, வில்லுப்பாட்டு ஏழு மணிக்கு இல்ல, ஒம்பது மணிக்கு. மாத்திரு.”

திறந்தால் எழுத்தே இல்லை, எல்லாம் கோடும் வளைவும். ஒரு மணியை மாற்றுவது பெரிசில்லை. ஆனால் ஒன்றை மாற்றச் சொல்கிறவர் இன்னும் மூன்றை மாற்றச் சொல்வார் என்பது எனக்குத் தெரியும். தலையில் கை வைத்தபடி ஃபோல்டரைப் பார்த்தபோது, என் ஃபைலுக்குப் பக்கத்தில் ‘பேக்கப் ஆஃப்’ என்று தொடங்கும் இன்னொன்று கிடந்தது. இத்தனை நாள் அதைக் குப்பை என்று அழித்துக்கொண்டிருந்தவன் நான். கோரலில் ‘மேக் பேக்கப் ஆன் சேவ்’ போட்டிருந்தால் ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் அதற்கு முந்தைய நிலை அந்தப் பெயரில் நிற்கும். திறந்தேன். கர்வ் ஆவதற்கு முன்னால் இருந்த எழுத்து அத்தனையும் உயிரோடு! இன்னொரு தடவை கன்ட்ரோல் எஸ் அமுக்கியிருந்தால் அதுவும் போயிருக்கும். இப்போதெல்லாம் கன்ட்ரோல் கியூவுக்கு முன்னால் சேவ் ஆஸ். ஃபைல் பெயரில் ‘எழுத்து’ என்று ஒன்று, ‘கர்வ்’ என்று ஒன்று. இல்லஸ்ட்ரேட்டர்காரர்களுக்கு கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ, ஆபத்து அதேதான். (மாமா சொன்ன மூன்று மாற்றங்களும் மறுநாள் வந்தன.)

நோட்டீஸோடு ஃபிளெக்ஸ் பேனரும் என் தலையில்தான், 10 அடிக்கு 8 அடி. அச்சு என்றால் 300 டிபிஐ (இன்ச்சுக்கு 300 புள்ளி) என்று மனப்பாடம் செய்தவன், போட்டோஷாப்பில் அப்படியே போட்டேன். 36,000-க்கு 28,800 பிக்சல். லேப்டாப் விசிறி மிக்சி மாதிரி கத்தியது. போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சலுக்கு மேல் தாங்காது என்பது சேவ் செய்யும்போதுதான் தெரிந்தது. ஃபிளெக்ஸ் கடைக்காரர், “அடிக்கு ஒரு இன்ச்னு வச்சு 10-க்கு 8 இன்ச்ல 300 போடுங்க, போதும். ரோட்ல போறவன் பஸ்ல இருந்துதான பாக்கப் போறான்” என்றார். முகங்கள் நிறைய இருந்தால் முழு அளவில் 72 வைக்கலாமாம். கடைக்குக் கடை கணக்கு வேறு, முதலில் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது. பச்சையும் நீலமும் அச்சில் மங்குமா என்று பார்க்க போட்டோஷாப்பில் கன்ட்ரோல் ஒய் போதும். அதையே இல்லஸ்ட்ரேட்டரில் அமுக்கிவிட்டு, டிசைன் வெறும் கோடாகிவிட்டதே என்று பதறாதீர்கள், திரும்ப அமுக்கினால் வந்துவிடும்.

இரண்டாம் முறை சிவகாசிக்குப் போகவில்லை. எக்ஸ்7 ஃபைலும் பிடிஎஃபும் மெயிலில் போயின, மூன்றாம் நாள் நோட்டீஸ் கட்டு லாரி சர்வீஸில் வந்தது. வாள் முனை முழுசாக இருந்தது. பொடி எழுத்து கறுகறுவென்று இருந்தது.

மாமா மகன் பட்டியல் அடிக்கும்போது ஒரே ஓர் இடத்தில் கமாவுக்குப் பின்னால் இடைவெளி விட மறந்திருக்கிறான். தெற்குத் தெருவில் வண்ணமுத்து ஒருவர், மாடசாமி ஒருவர், தனித்தனித் தலைக்கட்டு. நோட்டீஸில் ‘வண்ணமுத்துஇமாடசாமி’ என்று ஒரே ஆளாகிவிட்டார்கள். நேற்றுச் சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாகவே மாமா வீட்டுக்கு வந்து, நோட்டீஸை விரித்துக் காட்டி, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வரி கட்டினால் போதும்தானே என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.