பாரிஸ் ஏலக்கூடத்தில் 1940-களின் பிரெஞ்சு மோதிரம் வாங்கிய அனுபவம்

விருந்துகளுக்கு அணியும் பெரிய, எடுப்பான ‘காக்டெயில்’ வகையில் பழைய பிரெஞ்சு மோதிரம் ஒன்றை வாங்குவது என்று முடிவானதும், கடைகளை விட்டுவிட்டு ஏலக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தேன். பாரிஸின் 9-ஆம் வட்டாரத்தில் 1852-இல் திறக்கப்பட்ட ஓத்தெல் ட்ரூவோவில் பல ஏல நிறுவனங்கள் தத்தம் விற்பனைக்கென அறைகளை வாடகைக்கு எடுக்கின்றன. ஏலத்துக்கு முன்பாக, பொருள்களைப் பார்வையிட எவரும் கட்டணமின்றி உள்ளே போகலாம். கேட்டால் கண்ணாடிப் பேழையைத் திறந்து மோதிரத்தைக் கையிலேயே தருகிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கையில் இருந்தால், நகையைப் பற்றிய பெரும்பாலான கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

நான் தேடியது, டேங்க் வாகனத்தின் சங்கிலிப் பட்டையை நினைவூட்டும் கனத்த வடிவத்தால் ‘டேங்க்’ என்று அழைக்கப்படும் வகை. போர்க்காலத்தில் பிளாட்டினம் நகைத் தொழிலுக்குக் கிடைக்காமல் போகவே பாரிஸ் பட்டறைகள் மீண்டும் தங்கத்துக்குத் திரும்பின. தங்கமும் தட்டுப்பாடாக இருந்ததால், தகட்டை மடித்து உள்ளே கூடாக விட்டு, குறைந்த எடையில் பெரிய உருவம் காட்டும் வேலைப்பாடு வளர்ந்தது. செம்பு சற்றுக் கூடிய கலவையின் இளஞ்சிவப்பு நிறம் அக்கால நகைகளின் அடையாளங்களுள் ஒன்று. தட்டுப்பாட்டின் நெருக்கடியில் பிறந்த இந்த அழகு, அதற்கு முந்திய ஆண்டுகளின் வெள்ளைப் பிளாட்டின நகைகளைவிட எனக்கு நெருக்கமானது.

கையில் வாங்கியதும் மோதிரத்தின் முகத்தைப் பார்க்காமல் முதலில் வளையத்தைப் பார்க்க வேண்டும் என்பதை வழக்கமாக்கிக் கொண்டேன். பிரான்சில் தர முத்திரை பெரும்பாலும் வளையத்தின் வெளிப்பக்கத்தில்தான் குத்தப்பட்டிருக்கும். கழுகுத் தலை என்றால் 18 காரட், அதாவது ஆயிரத்துக்கு 750 பங்கு தங்கம். இது 1838 முதல் வழக்கில் இருப்பதால், தங்கத்தின் தரத்தைச் சொல்லுமே தவிர மோதிரத்தின் வயதைச் சொல்லாது. நாய்த் தலை 1912-இல் வந்த பிளாட்டின முத்திரை. ஆந்தை முத்திரையோ வெளிநாட்டிலிருந்து வந்த அல்லது பிறப்பிடம் தெரியாத தங்கத்துக்கு 1893 முதல் இடப்படுவது. ஏலத்துக்கு வருமுன் கடை ஒன்றில் ‘பிரெஞ்சு வேலை’ என்று எனக்குக் காட்டப்பட்ட மோதிரத்தில் லென்ஸுக்குள் தெரிந்தது ஆந்தைதான். அது நல்ல தங்கமே என்றாலும், பிரெஞ்சுப் பட்டறையில் செய்யப்பட்டதற்கு அந்த முத்திரை சான்றாகாது என்பதால் வாங்காமல் வந்துவிட்டேன்.

இவற்றோடு பார்க்க வேண்டிய இன்னொன்று, சாய்சதுரக் கட்டத்துக்குள் செய்தவரின் முதலெழுத்துகளும் ஒரு சின்னமும் அமைந்த பட்டறை முத்திரை. வெளியே பெயர் பொறிக்காத நகைகளுக்கு இதன் மதிப்பு மிக அதிகம். தம் பாணியே தம் கையொப்பம் என்று கருதி நகைகளில் பெயரிடாத பாரிஸ் நகை வடிவமைப்பாளர் சுசான் பெல்பெரோனின் படைப்புகளை அடையாளம் காண, அவருக்காக வேலை செய்த க்ரோனே-தார்த் பட்டறையின் முத்திரை இன்றும் உதவுகிறது. பாரிஸின் புகழ்பெற்ற நகைக்கடைச் சதுக்கமான பிளாஸ் வாந்தோமின் பெரிய நிறுவனப் பெயர் இருந்தால் விலை பல மடங்காகிவிடும். ஆனால் பெயரில்லாத பட்டறை மோதிரங்களிலும் அதே கைத்திறனைக் காணலாம் என்பதால், பெயருக்காகக் கூடுதல் பணம் தர எனக்கு மனமில்லை.

என் மனத்துக்குப் பிடித்த மோதிரத்தில், படிப்படியாக உயரும் இரு தங்கப் பட்டைகளுக்கு நடுவே சிறு சதுரச் சிவப்புக் கற்கள் ஒரே வரிசையாக, இடையில் உலோகமே தெரியாதபடி ஒன்றையொன்று ஒட்டிப் பதிக்கப்பட்டிருந்தன. இருபுறமும் பிளாட்டினத்தில் கட்டிய பழைய பட்டை வெட்டு வைரங்கள். கழுகும் நாயும் பக்கத்தில் பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தன. பட்டறை முத்திரையில் பாதி தேய்ந்திருந்தது. கற்களின் நிறம் வரிசை முழுவதும் ஒரே சீராக இருந்தது. விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தபோது ஒரு கல்லுக்குள் இசைத்தட்டின் கோடுகளைப் போல மெல்லிய வளைகோடுகளும், அருகில் சின்னஞ்சிறு குமிழிகளும் தென்பட்டன. இயற்கை மாணிக்கத்தின் வளர்ச்சிக் கோடுகள் நேராகவோ கோணமாகவோ இருக்கும். வளைகோடு என்றால் அது பிரெஞ்சு வேதியியலாளர் ஓகுஸ்த் வெர்னோய் 1902-இல் வெளியிட்ட, தூளைச் சுடரில் உருக்கிக் கல்லாக வளர்க்கும் சுடர்முறையில் உருவான செயற்கை மாணிக்கம்.

இதைக் கண்டதும் நான் பின்வாங்கவில்லை. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போன பின் இயற்கை மாணிக்க வரத்து முடங்கியது. அதோடு, இத்தனை சிறிய கற்களை ஒரே நிறத்தில், ஒரே அளவில், இடைவெளியின்றி அடுக்க அன்றைய பட்டறைகள் செயற்கைக் கல்லையே தாராளமாகப் பயன்படுத்தின. தங்கமும் கல்லும் அந்தக் காலத்தவை என்றால் அது குறையாகாது என்பதே என் தீர்மானமான கருத்து. குறையாவது, விற்பவர் அதை மறைக்கும்போதுதான். 2002-ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசாணைப்படி அத்தகைய கல்லைச் செயற்கை என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். இந்த ஏலப் பட்டியலிலும் அவ்வாறே இருந்தது. 1981-ஆம் ஆண்டின் அரசாணை ஒன்றும் வாங்குபவருக்குத் துணை நிற்கிறது: குறிப்பிட்ட காலத்தது என்று எழுதினால் அக்காலத்தில் செய்யப்பட்டது என்று உறுதியளித்ததாகிறது, அக்காலப் பாணியிலானது என்று எழுதினால் அந்த உறுதி இல்லை. ஆகவே விவரிப்பை வரிக்கு வரி படித்து, சந்தேகமுள்ள இடங்களை நிறுவனத்தின் நிபுணரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொண்டேன். ஏலதாரர் மீது வழக்குத் தொடுக்க ஏலம் முடிந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் அவகாசம் உண்டு என்பதால், அந்தப் பதிலையும் ரசீதையும் ஒன்றாகவே வைத்திருக்கிறேன்.

ஏலம் நடக்கும் வேகம் புதியவர்களைத் திகைக்க வைக்கும். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு நகை கைமாறிவிடுகிறது. சுத்தியல் விழும் விலையோடு வாங்குபவர் தரவேண்டிய கட்டணம் பெரும்பாலும் 25 முதல் 30 விழுக்காடு வரை சேரும். 1,000 யூரோவுக்குக் கையை உயர்த்துபவர், கட்டணம் 28 விழுக்காடு என்றால், 1,280 யூரோ கட்ட வேண்டும். அதனால் கட்டணத்தையும் சேர்த்து என் உச்சவரம்பைக் கணக்கிட்டு, பட்டியலின் ஓரத்தில் எழுதிக்கொண்டு போனேன்; அதற்குள்ளாகவே மோதிரம் எனக்கு விழுந்தது. அங்கே அமையாதவர்கள் பாரிஸின் மாரே பகுதியில் உள்ள நகராட்சி அடகு நிறுவனமான க்ரெதி முனிசிபலையும் பார்க்கலாம். அடகில் மூழ்கிய நகைகள் அங்கே ஏலத்துக்கு வருகின்றன.

மீதமிருந்தது அளவு. பிரெஞ்சு மோதிர அளவு உட்சுற்றளவை மில்லிமீட்டரில் குறிப்பது. என் மோதிரம் 57, என் விரலுக்கோ 54. கற்கள் நெருக்கமாக வரிசையில் பதிந்த மோதிரத்தின் வளையத்தை வெட்டிக் குறுக்கினால் மேற்பகுதி வளைந்து கற்கள் தெறிக்கக்கூடும் என்று நகைப் பட்டறைக்காரர் எச்சரித்தார். ஆகவே வெட்டாமல், வளையத்தின் உட்புறத்தில் இரண்டு சிறு தங்க மணிகளை வைத்து ஒட்டச் செய்தோம். விரும்பும்போது அவற்றை எடுத்துவிடலாம். மெருகேற்றினால் விளிம்புகளின் கூர்மையோடு முத்திரைகளும் தேய்ந்துபோகும் என்பதால், மெருகு போடக் கூடாது என்று வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு மோதிரத்தை ஒப்படைத்தேன்.