போதும்மா என்று சொன்னேன்

"ரோபோ வச்சு ஆபரேஷன்னா எவ்வளவு கூட ஆகும் டாக்டர்?" என்று கேட்டபோது அந்த அம்மாவின் விரல் தாலிச் செயினில் இருந்தது. ஒன்றரை லட்சம் பக்கம் என்றேன். அவர்கள் பாலிசியில் அது வராது. விரல் செயினை ஒருமுறை உருட்டியது. உடனே நான், "லேப்ராஸ்கோப்பியே போதும்மா" என்றேன். சின்னத் துளைகள் வழியே நாங்களே கையால் கருவியை இயக்கிச் செய்வது அது.

அந்த "போதும்" இன்னும் உறுத்துகிறது. "அதிலும் செய்யலாம்" என்றிருந்தால் முடிவு அவர்களுடையது. போதும் என்றால் பேச்சே முடிந்துவிடுகிறது.

அவர் கணவருக்கு 64 வயது, 98 கிலோ, சர்க்கரை, இதயத்தில் 2 ஸ்டென்ட். மலக்குடலின் அடிப்பகுதியில் கட்டி, ரேடியேஷன் முடித்து வந்தவர். ஆண்களின் இடுப்புக்கூடு குறுகல். அதில் கொழுப்பும் அடைத்திருந்தால், லேப்ராஸ்கோப்பியின் நேரான கருவி புராஸ்டேட்டுக்குப் பின்னால் திரும்ப இடமிருக்காது. ரோபோவின் மணிக்கட்டு திரும்பும். எனக்குத் தெரியாததா இது?

ஆனால் மலக்குடல் புற்றுநோயில் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2017இல் வந்த ரோலார் ஆய்வும் தெரியும். 471 நோயாளிகள். பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டிவந்தது லேப்ராஸ்கோப்பியில் 12.2 சதவீதம், ரோபோவில் 8.1. புள்ளியியல்படி அதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. அதை வைத்துத்தான் பேசினேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்புறம், ஆண்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அதே ஆய்வு ரோபோ பக்கம் சாய்ந்தது ஞாபகம் வரும். 2022இல் சீனாவிலிருந்து வந்த ரியல் ஆய்வில் அதே கணக்கு லேப்ராஸ்கோப்பியில் 3.9 சதவீதம், ரோபோவில் 1.7. நான் பார்த்தது ஆய்வையா, செயினையா?

லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி, மூன்றாவது மணி நேரத்தில் வயிற்றைத் திறந்தோம். தலையைத் தாழ்த்தி, வயிற்றில் வாயு நிரப்பியிருந்தோம். அவருடைய ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. "இன்னும் எவ்வளவு நேரம் சார்?" என்று மயக்க மருந்து டாக்டர் இரண்டாம் முறை கேட்டார். ரோபோவிலும் தலையைத் தாழ்த்தத்தான் வேண்டும், நேரமும் கூடப் பிடிக்கும். அந்த இதயம் அதைத் தாங்கியிருக்குமா? ஒருவேளை நான் சொன்னதுதான் சரியோ என்னவோ.

கட்டி சுத்தமாக வந்துவிட்டது. ஆனால் தையலில் சீழ் வைத்து 19 நாள் படுக்கை. பில் ரோபோ செலவையும் தாண்டியது. செக்கப்புக்கு வந்தவர், "நல்லா பண்ணீங்க டாக்டர்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை, ஏறக்குறைய அதே மாதிரி ஒருவர். இரண்டு முறைகளையும் செலவோடு நிதானமாகச் சொல்லி, "வீட்டில் பேசிட்டு வாங்க" என்றேன். அவர் மகன் எழுந்திருக்கவே இல்லை. "எங்களுக்கு என்ன சார் தெரியும், நீங்களே சொல்லுங்க" என்றான்.