உக்ரைன் தற்காலிகப் பாதுகாப்பு: எந்த நாட்டில் பதிவது என்று முடிவெடுக்கும் முன்

விண்ணப்பம் நிரப்ப வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரி 24-க்கு முன் எங்கே குடியிருந்தீர்கள் என்பதைத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 4-இல் நடைமுறைப்படுத்திய தற்காலிகப் பாதுகாப்புக்கு, அதாவது போரிலிருந்து தப்பி வந்தவர்கள் உறுப்பு நாடுகளில் தங்கவும் வேலை செய்யவும் தரும் அனுமதிக்கு, அந்தத் தேதிதான் அச்சாணி. உக்ரைன் குடிமக்களுக்கும், அங்கே அகதி அந்தஸ்து பெற்றிருந்தவர்களுக்கும், இவர்களின் குடும்பத்தாருக்கும் அது உரிமை. ஆனால் குடும்பம் அந்தத் தேதிக்கு முன்பே உக்ரைனில் வாழ்ந்திருக்க வேண்டும். உக்ரைன் பெண்ணை மணந்த இந்தியர், திருமணச் சான்றிதழோடு பழைய உக்ரைன் வதிவிட அட்டையையும் கொண்டுபோக வேண்டும். படிக்கப் போயிருந்த நம் மருத்துவ மாணவர்களைச் சேர்ப்பதோ விடுவதோ அந்தந்த நாட்டின் விருப்பம். நெதர்லாந்து அவர்களைப் போன்றோரை முதலில் சேர்த்துக்கொண்டு பிறகு விலக்கியது. அப்படி விலக்கலாம் என்றே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

ஜெர்மனியில் வதிவிடச் சட்டம் 24-ஆம் பிரிவின்கீழ் பதிவு. கைரேகையும் புகைப்படமும் எடுத்தபின், அட்டை வரும்வரை ஒரு இடைக்காலச் சான்று தருவார்கள். வேலை செய்ய அனுமதி உண்டு என்ற வரி அதில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள்.

போலந்தில் உள்ளாட்சி அலுவலகத்தில் 'பெசெல்' என்ற அடையாள எண்ணும், அதோடு தற்காலிகப் பாதுகாப்பு உண்டு என்பதைக் காட்டும் 'யூகேஆர்' என்ற குறியீடும் கிடைக்கும். சிக்கல் 30 நாள் விதியில்தான். அதற்கு மேல் போலந்துக்கு வெளியே தங்கினால் எண் அப்படியே இருக்கும், குறியீடு போய்விடும். உக்ரைனுக்குப் போய்விட்டு ஸ்லோவாக்கியா வழியாகத் திரும்பினால், போலந்து எல்லையில் வெளியேறியது மட்டும் பதிவாகியிருக்கும், உள்ளே வந்தது இருக்காது. ஆகவே பயணச்சீட்டைத் தூக்கிப்போடாதீர்கள், எல்லை முத்திரையைப் படமெடுத்து வையுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பாதுகாப்பு கிடையாது. நாடு மாறும்போது பழைய பதிவை ரத்து செய்த கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வேறு நாட்டில் விண்ணப்பித்ததோடு சரி, அனுமதி இன்னும் வரவில்லை என்றால் அதைக் காரணம் காட்டி உங்களை மறுக்க முடியாது. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

பிரிட்டன் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறது. அங்கே வீடு கொடுப்பவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். தொடக்கத்தில் வந்தவர்களுக்கு 3 ஆண்டு கிடைத்தது, பிறகு 18 மாத நீட்டிப்பு. இந்த ஆண்டுகள் அங்கே நிரந்தர வதிவிட உரிமைக் கணக்கில் சேராது.

ஒன்றியத்தின் பாதுகாப்பு 2027 மார்ச் 4 வரை நீண்டிருக்கிறது. அந்தக் காலமும் ஒன்றியத்தின் நீண்டகால வதிவிட உரிமைக்குக் கணக்காகாது. எங்களை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான். வேலையின் அடிப்படையிலான வதிவிட அனுமதிக்கு மாறத் தகுதியுள்ளவர்கள் கடைசி மாதம்வரை காத்திருக்க வேண்டாம். சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், மொழித் தேர்வுச் சான்றிதழ், மொழிபெயர்த்த பட்டம் எல்லாவற்றையும் முதல் மாதத்திலிருந்தே ஒரே கோப்பில் சேர்த்து வாருங்கள்.