நான்கு கிலோமீட்டர்

மார்ச் 3, திங்கள்

டயாலிசிஸ் முடிந்து வந்த அப்பாவை இன்றும் காரிலிருந்து தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சமாளித்துவிடுகிறார். திரும்பும்போதுதான் பாடு. சீட் தரையோடு தரையாக இருக்கிறது, தொப்பென்று விழுகிறார். வீட்டு வாசலில் எழுந்திருக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். இடது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த பிஸ்டுலா அதில் இருக்கிறது. என் பக்கம் வருவது அந்தக் கைதான்.

உயரமான வண்டி வேண்டும்.

மார்ச் 4

சொன்னேன். "டீசலாப் பாரு" என்றார். அதோடு திரும்பிப் படுத்துக்கொண்டார். முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டியவரிடம் வேறு பதிலை எதிர்பார்த்தது என் தப்பு.

மார்ச் 5, புதன்

நான்கு மணி நேரம் வெளியே பெஞ்சில். போனில் டீசல் வண்டிகளைப் பற்றிப் படித்தேன். படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்கிவிட்டது.

யூரோ 5, யூரோ 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வரும் டீசல் என்றால் சைலன்சர் வழியில் டிபிஎஃப் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சல்லடை அது. ஓரளவு நிறைந்ததும் வண்டியே அந்தக் கரியை எரித்துவிடும், ரீஜென் என்கிறார்கள். எரிய 600 டிகிரி அளவில் சூடு வேண்டும். அதற்காக இன்ஜின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சும். பதினைந்து இருபது நிமிடம் ஒரே சீராக ஓடினால் வேலை முடிந்துவிடும்.

எங்களுக்கு ஆஸ்பத்திரி ஒரு வழிக்கு 4 கிலோமீட்டர், வாரம் மூன்று நாள். பதினோரு நிமிடம், அதில் ஐந்து சிக்னல். டீசல் இன்ஜின் சூடாவதே மெதுவாகத்தான். சூட்டு முள் நடுவுக்கு வருவதற்குள் நான் சக்கர நாற்காலியைத் தேடிக்கொண்டிருப்பேன். ரீஜென் தொடங்கிப் பாதியில் சாவியைத் திருப்பினால் கரியும் எரியாது, பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்கிவிடும். மறுநாளும் அதே கதை. ஆயில் நீர்த்துப்போய் இன்ஜினையே தின்னும்.

வாரம் 24 கிலோமீட்டர் ஓடுவதற்கு இப்படி ஒரு வண்டி!

மார்ச் 6

அக்கா போனில் கத்தினாள். "பெட்ரோல் வாங்கித் தொலையேன்டா. யாருக்காக டீசல்?" அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதனாலேயே போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

கட்டில் உயரம் அளந்தேன். அப்பா சிரமமில்லாமல் சாய்ந்து உட்கார்ந்து, அப்படியே எழும் உயரம் 66 செ.மீ.

மார்ச் 8

முதல் வண்டி. வெள்ளை, 2017, ஒரே ஓனர், 38,000 கிலோமீட்டர். சீட்டில் போட்ட பாலித்தீன்கூடப் பாதி அப்படியே இருந்தது. புரோக்கர் சத்தியம் செய்தார். "சார், பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் தவிர எங்கயும் போனதில்ல."

மாதா மாதம் நானூறு கிலோமீட்டர் போய்வந்த வண்டி என்றிருந்தால் வாயைப் பிளந்திருப்பேன். பள்ளிக்கூடம், கடை என்றதும் வயிற்றில் மறுபடி அந்தக் கலக்கம். குறைவாக ஓடியது என்று பெருமையாகச் சொன்ன அத்தனையும் குறுகிய ஓட்டம். அதாவது எட்டு வருஷமாக எங்களைப் போலவே ஒருவர் அதை ஓட்டியிருக்கிறார்.

ஆயில் குச்சியை உருவினேன். துடைத்து, விட்டு, மறுபடி உருவினேன். மேல் கோட்டுக்கு அரை விரல் மேலே நின்றது. ஆயில் தண்ணீராக ஓடியது. மோந்து பார்த்தால் டீசல். "இப்பத்தான் சார் ஆயில் மாத்தினோம், கொஞ்சம் தாராளமா ஊத்திட்டாங்க" என்றார்.

சீட் 79 செ.மீ. ஏணி வேண்டும். அதைச் சொல்லிக் கிளம்பினேன். ஆயிலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 9

தூக்கமில்லை.

மார்ச் 10, திங்கள்

அப்பாவின் ரத்தத்தில் யூரியா அளவு எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஆட்புளூ பற்றிப் படித்தேன். நூற்றில் 32.5 பங்கு யூரியா, மீதி தண்ணீர். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் புதிய டீசல்களில் தனி டாங்கி வைத்து ஊற்றுகிறோம். உள்ளே படுத்திருக்கும் மனிதரிடமிருந்து அதே யூரியாவை நாலு மணி நேரம் இறைத்து வெளியே எடுக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். "மிச்சத்த வண்டியில ஊத்திடு" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள். நானும்தான்.

மார்ச் 12, புதன்

பிஸ்டுலா கையில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார் அப்பா. தோலுக்கடியில் விர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அது நின்றால் உடனே சொல்ல வேண்டும், நடு ராத்திரியானாலும்.

"ஐடில் சரியா இருக்குதா?" என்றார். இன்ஜின் சும்மா நின்று ஓடுவதைச் சொல்லும் லாரிக்காரர் பேச்சு.

மார்ச் 14, வெள்ளி

அப்பாவுக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. இரவு எட்டரைக்குத்தான் விட்டார்கள். இன்று வண்டியைப் பற்றி எழுதப்போவதில்லை.

மார்ச் 15

இரண்டாவது வண்டி. சாம்பல் நிறம், 2018. ஓடோமீட்டரில் 1,31,000. இடது கதவில் கோடு, ஸ்டியரிங் தோல் வழவழத்துப் போயிருக்கிறது. அக்கா பார்த்தால் என்னை அடிப்பாள்.

தெரிந்த மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் போனெட்டையே திறக்கவில்லை, நேராகப் பின்னால் போய்க் குனிந்தார். கைக்குட்டையை விரலில் சுற்றிப் புகைக்குழாய்க்குள் விட்டுத் திருப்பினார். லேசான தூசு, அவ்வளவுதான். "கறுப்பா மையாட்டம் வந்திருந்தா உள்ள டிபிஎஃப் உடைஞ்சிருக்கணும், இல்ல எவனாவது குடைஞ்சு எடுத்திருக்கணும். அந்த வண்டிப் பக்கமே போகக் கூடாது." அப்புறம் ஸ்கேனரைச் சொருகினார். கடைசி ரீஜென் முடிந்து 340 கிலோமீட்டர் ஆகியிருந்தது. "நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை எரிச்சிட்டே இருந்தா பயப்படணும். இது நல்லா மூச்சு விடுது." ஆயில் கோட்டுக்குள் நிற்கிறது.

ஆனாலும் ஒன்று சொன்னார். கரிதான் எரியும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. ஓட ஓட அது உள்ளேயே தங்கும். 1,31,000-க்குரிய சாம்பல் இதற்குள் இருக்கத்தான் செய்யும். ஆயில் ஊற்றும்போது சாம்பல் குறைந்த ரகமாகப் பார்த்து ஊற்று என்றார். நீ எவ்வளவு ஓட்டுவாய் என்று கேட்டார். வாரம் 24 என்றேன். ஸ்கேனர் ஒயரைச் சுருட்டியபடி என் முகத்தைப் பார்த்தார்.

சீட் 71 செ.மீ.

மார்ச் 16, ஞாயிறு

கணக்கு. வாரம் ஒருமுறை நாற்பது நிமிடம், சிக்னல் இல்லாத ரோட்டில், நாலாவது கியரில். அதைச் செய்தால் டீசல் பிழைக்கும். செய்யாவிட்டால் ஒரு வருஷத்தில் டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு, அப்புறம் இன்ஜின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். செவ்வாய், வியாழன் அப்பா எழுந்திருப்பதே பத்து மணிக்கு. தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் நாற்பது நிமிடம் வண்டிக்குக் கரி எரிக்கப் போவதா?

சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் போல. உள்ளிருந்து குரல் வந்தது: "ஞாயித்துக்கெழம நான் வர்றேன்ல."

மார்ச் 18

பெட்ரோல் வண்டி ஒன்றையும் பார்த்து வைத்தேன். அதே உயரம், எந்தக் கவலையும் இல்லை. படம்கூட எடுக்கவில்லை.

மார்ச் 20

அக்காவிடம் சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

சாம்பல் வண்டியை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினோம். அப்பா தானே ஏறினார். வலது கையால் மேல்பிடியைப் பிடித்து, ஒரு திரும்பு, உட்கார்ந்துவிட்டார். நான் கதவருகே கையை நீட்டியபடி நின்றதுதான் மிச்சம்.

ஊரைத் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. ரயில்வே கேட்டில் நின்றபோது ஆர்பிஎம் முள் ஆயிரத்தைத் தொட்டு நின்றது, வழக்கமாக 800. உள்ளே லேசாகச் சூட்டு வாசம். ரீஜென்! "திரும்பலாமாப்பா, களைப்பா இருக்கா?" என்றேன். "எரிஞ்சிட்டிருக்கில்ல, பேசாம ஓட்டு" என்றார். காலை பிரேக் இருக்கும் இடத்தில் வைத்திருந்தார், அவர் பக்கம் பிரேக் இல்லை. கேட் திறந்ததும் நாலாவது போட்டேன். "மூணுல வை, இன்னும் சூடேறும்." வைத்தேன். இருபத்து மூன்று நிமிடம் கழித்து முள் இறங்கியது. அவர் தூங்கியிருந்தார்.

புரோக்கர் ஐந்து தடவை கூப்பிட்டிருக்கிறார்.

மார்ச் 24, திங்கள்

காலை 6.10. நேற்று ஏறியதைப் பார்த்தேனே தவிர, இறங்கும்போது கால் தரையில் எப்படிப் பட்டது என்று கவனிக்கவில்லை. இன்று முடித்துக்கொண்டு களைத்து வருபவருக்கு அது 71-ஆக இருக்காது. அளக்கும் டேப்பைக் காணவில்லை. வண்டியிலேயே விட்டுவிட்டேன் போல.